கூண்டுக்காரருக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத் தீர்மானத்தின் நகலை நோட்டீஸ் போர்டில் படித்தேன். வளாகத்தில் குடியேறியிருக்கும் மரநாய்களைப் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றை வைத்துக் கூண்டில் பிடிப்பது, பிடித்ததை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது, செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்வது என்று மூன்று வரியில் முடித்திருக்கிறீர்கள். அன்று நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் கூட்டத்திலேயே எழுந்து நின்று எதிர்த்திருப்பேன். இப்போது எழுத்தில் எதிர்க்கிறேன்.

தொல்லை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏ பிளாக் மேல்மாடியில் இருக்கும் மாமி ராத்திரி ஒரு மணிக்குத் தலைக்கு மேலே யாரோ மேஜை நாற்காலியை இழுப்பதுபோல் சத்தம் கேட்கிறது என்று சொன்னபோது நானும் போய்ப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பாகக் கறை இறங்கியிருக்கிறது. குளியலறைப் பரணைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாற்றம். சங்க அறையின் ஓட்டுக்கூரைக்கு அடியில் நிலைமை இன்னும் மோசம். "பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் தலைமேல் அதை விட்டுவிட்டுப் போவது எனக்கும் பிடிக்காது. அது வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். எப்படி என்பதில்தான் நமக்குள் பிரச்சினை.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். சிலர் கீரி என்கிறார்கள், வாட்ச்மேன் காட்டுப்பூனை என்கிறார், பி பிளாக் பிள்ளைகள் சிறுத்தைக்குட்டி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். மரநாய் என்று தீர்மானத்தில் எழுதியிருப்பது சரிதான். பூனையைவிடக் கொஞ்சம் நீண்ட உடம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்கு வால், முகத்தில் முகமூடி கட்டியதுபோல் கறுப்பு. 2 கிலோவிலிருந்து 5 கிலோவரை எடை இருக்கும். பெயரில் நாய் இருந்தாலும் நாய்க் குடும்பமில்லை, பூனைக் குடும்பமும் இல்லை. கோயில்களில் சாத்தும் புனுகு தருவது இதன் சொந்தக்காரனான புனுகுப்பூனை. அதன் வாலில் வளையம் வளையமாக இருக்கும், இதன் வாலில் கிடையாது. ஆகவே, "பிடித்து வித்தா நல்ல காசு வரும்" என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்ததே, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் ஒரே மூலையில் தினமும் அதன் எச்சம் கிடக்கிறதே, அதை ஒருநாள் குச்சியால் கிளறிப் பார்த்தேன். முழுக்கக் கொட்டைதான். பளபளவென்று கறுப்பாகச் சப்போட்டா விதை, பப்பாளி விதை, அரைகுறையாகச் செரித்த கொய்யா, நடுவில் கொஞ்சம் கரப்பான் சிறகு. அதாவது நம் வளாகத்து மரத்தில் பழம் தின்றுவிட்டு நம் மாடியிலேயே வந்து போகிறது. எலியையும் பிடித்துத் தின்னும். பகலெல்லாம் தூங்கி, இருட்டியபிறகுதான் வெளியே கிளம்பும். தனியாகத்தான் திரியும். மூலையில் மடக்கினால் சீறும், நாற்றமான ஒரு திரவத்தை விடும். நாம் நெருங்காதவரை ஓடி ஒளிவதுதான் அதன் வேலை.

அடையாறு பக்கத்துக்கு இது புதிதாக வந்ததும் இல்லை. பிரம்மஞான சபைத் தோட்டம், ஐ.ஐ.டி. வளாகம், கிண்டி தேசியப் பூங்கா என்று மரம் மிச்சமிருக்கிற இடமெல்லாம் இது உண்டு. கிண்டிப் பூங்காவே மொத்தம் 2.7 சதுர கிலோமீட்டர்தான். பகலில் படுக்க இதற்கு மரப்பொந்தோ அடர்ந்த கிளையோ வேண்டும். நம் தெருவில் பொந்து விழுந்த பெரிய மரங்களில் பல 2016 டிசம்பரில் வர்தா புயலோடு போயின. மிச்சத்தைக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நாமே எடுத்தோம். இருட்டு, மழை படாத இடம், உயரம், அருகில் பழம்: இவ்வளவும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் கிடைக்கும்போது அது வராமல் என்ன செய்யும்?

இனி சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு இது. அந்தச் சட்டத்தில் சுட்டுக் கொல்வது மட்டுமே வேட்டை இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது, அவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். கூண்டில் வாழைப்பழம் வைத்தாலே நாம் அதற்குள் வந்துவிடுகிறோம். பிடிக்க அனுமதி தர வேண்டியது வனத்துறை. பூச்சி ஒழிப்பு நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான மீறலுக்கே 3 ஆண்டுவரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சில விலங்குகளுக்கு அதற்கும் மேல். நாம் என்னவென்றால் தலைவர் கையெழுத்துப் போட்ட தீர்மானமாகவே எழுதி, தேதியும் போட்டு, போர்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். செயலாளர் சார், இந்த மடலில் வேறு எதையும் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கூண்டால் பயனில்லை. இன்று ஒன்றைப் பிடித்து வண்டலூர் தாண்டி விட்டுவிட்டு வருவார்கள். ஓட்டை அப்படியே இருக்கும், சப்போட்டா மரம் அப்படியே இருக்கும். டு-லெட் போர்டு மாட்டாமலே ஆள் வந்துவிடுகிற வீடு அது. அடுத்த மரநாய் சில வாரத்தில் குடிவரும், நிறுவனம் அடுத்த பில்லை நீட்டும். கொண்டுபோய் விட்ட விலங்குக்கும் அங்கே வழி தெரியாது, இரை எங்கே என்று தெரியாது, ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதோடு சண்டை வேறு. செத்துப்போகவும் கூடிய ஏற்பாட்டை "பத்திரமாக விட்டுவிட்டோம்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று. மாமி வீட்டுப் பரணுக்கு மேலே இப்போது மெல்லிசாகப் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கிறது. ஆக, உள்ளே இருப்பது தாய். ஒரு ஈற்றில் 2 முதல் 5 குட்டிகள்வரை போடும். குட்டிகள் பால்குடி மறக்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும். இந்த நேரத்தில் தாயைக் கூண்டில் பிடித்துப் போய்விட்டால், கைக்கெட்டாத இடத்தில் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். ஜீவகாருண்யம் பேசப் பிடிக்காதவர்கள் அதற்குப் பிறகு வரப்போகும் நாற்றத்தையாவது நினைத்துப் பாருங்கள். சீலிங்கை முழுசாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வந்ததாம்: "கூண்டெல்லாம் எதுக்கு, வாழைப்பழத்துல மருந்து வெச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சுது." யார் சொன்னது என்று கேட்கவில்லை. மரநாயை விஷம் வைத்துக் கொல்வது குற்றம். அது இருக்கட்டும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் எலிக்கு மருந்து வைத்து, அந்த வீட்டில் தூங்கிய இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்களே, அதற்குள் மறந்துவிட்டோமா? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடைசெய்ததும் அதனால் எத்தனையோ உயிர் போனபிறகுதான். இன்னொரு வகை எலிமருந்து ரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்லும். அதைத் தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும், அந்த எலியைத் தின்னும் கூகையும் மரநாயும் தெருப்பூனையும் சேர்ந்து விஷம் ஏறிச் சாகும். பிறகு எலியைப் பிடிக்க யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். நம் கட்டடத்தில் தாழ்ந்த ஜன்னல், தவழும் குழந்தை, மூன்று வளர்ப்பு நாய் எல்லாம் இருக்கின்றன. விஷம் என்ற பேச்சே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? பணி ஓயும்வரை கட்டட வேலை மேற்பார்வையில் இருந்தவன் என்பதால் எனக்கு இது விலங்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை, முடிக்காமல் விட்ட வேலையாகத்தான் தெரிகிறது. ஒரு டார்ச்சோடு மூன்று பிளாக்கையும் சுற்றி வந்தேன். ஏ.சி. குழாய் போவதற்காக நான்கு அங்குலத்துக்குச் சுவரைத் துளைத்துவிட்டு, அதில் ஒரு அங்குலக் குழாயை விட்டு, மிச்சத்தில் தெர்மகோலைத் திணித்திருக்கிறார்கள். பாதி வீடுகளில் அந்தத் தெர்மகோலும் இல்லை. கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் டக்ட், மொட்டைமாடியில் மூடியில்லாமல் ஆவென்று திறந்து கிடக்கிறது. அதற்குள் குழாய்க்குக் குழாய் கிளாம்ப் அடித்திருப்பதால் மரநாய்க்கு அது படிக்கட்டு. மேல்மாடிச் சீலிங்குக்கும் டக்ட் சுவருக்கும் நடுவில் பூசாமல் விட்ட செங்கல் வரிசை ஒன்று இருக்கிறது. மாமி வீட்டுக்குள் வழி அதுதான். கல்லின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்காக, கறுப்பாக ஒரு தடம் படிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப உடம்பு உரசிப் போனால்தான் அப்படிப் படியும். அங்கே ஒட்டியிருந்த நாலைந்து பழுப்பு மயிரை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

சங்க அறை ஓட்டுக்கூரையில் மரச்சட்டங்கள் சுவர்மேல் உட்காரும் இடத்தில் சட்டத்துக்குச் சட்டம் கை நுழையும் சந்து. அந்தக் காலத்தில் இதற்குப் பலகை அடிப்பார்கள். நமக்கு வேலை செய்த கான்ட்ராக்டர் அடிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

எந்த ஓட்டை உண்மையில் புழக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கேமரா எல்லாம் வேண்டாம், கோலமாவு போதும். சாயங்காலம் ஓட்டைக்கு முன்னால் மெல்லிசாகத் தூவிவிட்டுக் காலையில் பார்த்தால் கால்தடம் இருக்கும். ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய். பூனை என்றால் நான்குதான் பதியும். எலியின் தடம் ரொம்பச் சின்னது, வால் இழுபட்ட கோடும் இருக்கலாம். புழங்காத ஓட்டைகளை எல்லாம் உடனே அடைத்துவிடலாம். புழங்குகிற ஓட்டையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைசி ஓட்டையில்தான் பொறுமை வேண்டும். குட்டிகள் தாயோடு வெளியே போய்வரத் தொடங்கும்வரை கை வைக்கக் கூடாது. மாமியிடம் பேசிவிட்டேன். "இத்தனை நாள் இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்கிறார். அதுவரை வேண்டுமானால் அவர் என் வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொள்ளலாம், என் மனைவிக்கும் பேச்சுத்துணை ஆச்சு. குட்டிகள் நடமாடத் தொடங்கியதும் பரணில் ஒரு பல்பை இரவுபகலாக எரியவிட்டு, பக்கத்தில் எஃப்.எம். ரேடியோவைப் பாட விடலாம். இருட்டும் அமைதியும் போய்விட்டால் தாயே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கும். அடுத்து, ஓட்டையின் வெளிப்பக்கம் மேலே மட்டும் கீல் வைத்த ஒரு வலைக்கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் திறக்காது. சில ராத்திரி கோலமாவில் உள்ளிருந்து வந்த தடம் எதுவும் இல்லை, உள்ளே சத்தமும் இல்லை என்று உறுதியானபிறகு நிரந்தரமாக மூடிவிடலாம்.

மூடுவது என்றால் துணி, அட்டை, ஃபோம் இல்லை. அதையெல்லாம் ஒரே ராத்திரியில் பிய்த்துப் போட்டுவிடும். அரை அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத வெல்டு மெஷ்ஷை வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டு, ஓரத்தைச் சிமென்ட் கலவையால் பூச வேண்டும். டக்டுக்கு மேலே காற்றுப் போகிற மாதிரி அதே வலையில் மூடி. ஏ.சி. துளைகளுக்கு வலையும் கலவையும். ஓட்டுக்கூரைக்குப் பலகையோ வலையோ, எது மலிவோ அது. நம் கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் இது பெரிய வேலையே இல்லை. இந்த ஓட்டைகள் அடைந்தால் எலி வரத்தும் குறையும். எலி குறைந்தால் அதைத் தேடிவரும் பாம்பும் குறையும். போன வருஷம் கீழ்த்தளத்துக் கழிவறையில் சாரைப்பாம்பு வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டோமே, அது நினைவிருக்கும்.

வெளியே செய்ய வேண்டியதும் உண்டு. கூரையைத் தொடுகிற மாங்கிளை, சப்போட்டாக் கிளைகளைக் கட்டடத்திலிருந்து ஆறேழு அடி தள்ளிக் கழித்துவிட வேண்டும். கிளை மட்டும்தான், மரத்தில் கை வைக்கும் யோசனை யாருக்கும் வேண்டாம். மாடிக்கு மாடி கட்டிய பழைய கேபிள் டி.வி. ஒயர்கள் இன்னும் தொங்குகின்றன. இணைப்பு செத்து வருஷக்கணக்காகிறது, மரநாய்க்கு மட்டும் அது நடைபாதை. அறுத்து எடுங்கள். விழுந்த பழத்தைச் சாயங்காலமே பெருக்கி அள்ள வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். பூனைக்குச் சோறு வைப்பவர்கள் பகலில் வைத்து, இருட்டுவதற்குள் தட்டை எடுத்துவிடலாம். தயவுசெய்து யாரும் ஃபினாயில், அந்துருண்டை, மிளகாய்ப் புகை என்று இறங்க வேண்டாம். அந்துருண்டை வாசனையில் மரநாய் போகாது, கீழே படுத்திருப்பவருக்குத்தான் தலைவலி வரும். மிளகாய்ப் புகையை ஃபால்ஸ் சீலிங்குக்குள் போடுகிறேன் என்று தணலை மேலே கொண்டுபோனால் அடுத்த அழைப்பும் தீயணைப்புத் துறைக்குத்தான்.

நோய் பயம் பற்றி இரண்டு வார்த்தை. "இதுலருந்துதான் சார்ஸ் வந்துச்சு" என்று பரவுகிற பேச்சில் பாதிதான் உண்மை. 2003இல் சீனாவின் குவாங்டொங் சந்தைகளில் கூண்டில் அடைத்து விற்ற ஒரு மரநாய் இனத்தில் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது முகமூடி மரநாய் என்ற வேறு இனம். வைரஸின் மூலம் ஒருவகை வௌவால் என்று பிறகு தெரிந்தது. நம் வீட்டுக் கூரையில் இருப்பதற்கு அதோடு சம்பந்தமில்லை. ஆனால் எந்தப் பாலூட்டி கடித்தாலும் வெறிநோய் ஆபத்து உண்டு. ஆகவே குட்டியை யாரும் கையால் எடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். கடித்தோ கீறியோ விட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எச்சம் கிடக்கும் இடத்தைக் காய்ந்தபடியே பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நன்றாக நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அள்ள வேண்டும். நம் துப்புரவுத் தொழிலாளிக்கு அவற்றை வாங்கித் தரவேண்டியது சங்கம்.

தாய் வந்துபோவது திடீரென்று நின்று குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தாலோ, யாராவது வீட்டு அறைக்குள்ளேயே அது மாட்டிக்கொண்டாலோ வனத்துறையைக் கூப்பிடுவோம். அறைக்குள் வந்துவிட்டால் மற்றக் கதவுகளைச் சாத்தி, வெளியே போகிற ஒரு கதவையோ ஜன்னலையோ திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நாம் வெளியேறினால் பெரும்பாலும் தானே போய்விடும். துரத்தினால்தான் திரைச்சீலை, டி.வி., நம் கை எல்லாம் கிழியும்.

ஆகவே நான் கேட்பது இது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அதே பணத்தில் மூன்று பிளாக் டக்டுகளுக்கும் வலைமூடி, ஏ.சி. துளைகள், சங்க அறைக் கூரை ஆகிய வேலைகளைக் கொத்தனாருக்குக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்தால் ஏ பிளாக் ஒழுகலும் சேர்ந்தே நிற்கும். பொருளாளர் சார் இந்த இரண்டாவது லாபத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாமி வீட்டு ஓட்டையும் அதற்கு வழியான டக்டின் வாயும் மட்டும் குட்டிகள் கிளம்பும்வரை திறந்தே இருக்கட்டும். அதைத் தினமும் பார்த்துக் குறிப்பெழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால், கூண்டு வேண்டாம் என்று கடிதம் கொடுத்து, வழக்கமான கரப்பான் மருந்துக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொத்தனாரிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் காலியாகத்தான் இருக்கிறார். வலை வாங்க அளவெடுத்த தாளை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். டக்டின் அளவு பிளாக்குக்கு பிளாக் மாறுவதால் கடையில் ஒரே சைஸாக வெட்டச் சொல்லிவிட வேண்டாம். இருபதடி ஏணி என்னிடம் இருக்கிறது, மொட்டைமாடிச் சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் உறுப்பினர்